மலைக்காவலர் ஏன் இறங்கி வருவதில்லை

நீலகிரியின் கூடலூரிலிருந்து ஒரு தங்கை அனுப்பிய கேள்விக்கு எழுதும் பதில் இது. அவர் மிகுபுனைவு நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறார். கற்பனையான ஒரு மலைநாடு. அதில் ஏழு மலைமுடிகள். முடிக்கு ஒரு காவல் தெய்வம். முன்பெல்லாம் புலி தொழுவத்தை நெருங்கினாலோ, கீழ்நாட்டுப் படை கணவாய் ஏறினாலோ, ஏழு பேரில் எவராவது இரவோடு இரவாக இறங்கி வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கதை தொடங்கும்போது மூன்று தலைமுறையாக எவரும் வரவில்லை. இதற்கு அவர் மூன்று காரணங்களை எழுதிப் பார்த்திருக்கிறார். தெய்வங்கள் களைத்துவிட்டன என்பது ஒன்று. இறந்துவிட்டன என்பது ஒன்று. மனிதர்கள் சொந்தக் காலில் நிற்கட்டும் என்று தாமாகவே விலகிக்கொண்டன என்பது மற்றொன்று. படித்துப் பார்த்த நண்பர்களுக்கு மூன்றுமே ஒட்டவில்லையாம். "இதில் எதை வைத்துக்கொள்ளலாம் ஐயா? கடைசியில் அவர்களைத் திரும்ப வரச் செய்யலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

மூன்றையுமே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் எண்ணம். களைப்பு என்பது உடம்புள்ளவர்களுக்கு வருவது. முந்நூறு ஆண்டு வராத களைப்பு இப்போது மட்டும் ஏன் வந்தது என்ற கேள்விக்கு நீங்கள் தனியாக இன்னொரு காரணம் தேட வேண்டியிருக்கும். சாவு என்றால் கொன்றவர் யார் என்று கதை அந்தப் பக்கம் திரும்பிவிடும்; அது வேறு நாவல். மூன்றாவது காரணத்தைத்தான் பலரும் விரும்பி எழுதுகிறார்கள், எனக்கோ அதுதான் மூன்றிலும் பலவீனமானதாகத் தெரிகிறது. பிள்ளை நடை பழகட்டும் என்று கையை விடுகிற தகப்பனுக்கு அந்தக் காரணம் பொருந்தும். நம் மலைகளிலும் அடிவார ஊர்களிலும் இருக்கும் காவல் தெய்வம் தகப்பன் நிலையில் இருப்பதில்லை. அது காவல்காரன் நிலையில் இருக்கிறது. காவல்காரன் உங்களைத் திருத்துவதற்காக வேலையை விட்டுப் போக மாட்டான். படி அளப்பது நின்றால் போவான், எல்லை மாறினால் போவான், தான் காக்க வேண்டியவனே கள்வனாகிவிட்டால் போவான்.

இதை உவமையாக மட்டும் சொல்லவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று ஒரு வரியே இருக்கிறது. ஊர்க்காவலுக்காக ஊரார் கொடுத்தது. பிற்காலத்தில் மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களில் இருந்த காவல் முறையில், களவுபோன மாட்டைக் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தம் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. அறுவடையில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்பதால் இழப்பிலும் பங்கு உண்டு. ஊர் எல்லையில் குதிரையேறி நிற்கும் ஐயனாரையும் அரிவாளோடு நிற்கும் கருப்பரையும் மக்கள் இந்த வரிசையில்தான் வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஆண்டுக்கொரு முறை கிடா, பொங்கல், புது வேட்டி. பதிலுக்கு இரவு நேரத்தில் ஒரு சுற்று. ஆகவே காவல் நின்றது என்று எழுதுமுன், அந்தக் காவல் எந்த உடன்பாட்டின்மேல் நின்றிருந்தது என்பதை நீங்கள் எழுதியாக வேண்டும். அது நின்றுபோவதற்கான காரணம் அந்த உடன்பாட்டுக்குள்ளேயே, யாரும் கவனிக்காத ஒரு மூலையில், முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

தமிழில் இதற்குச் சிலப்பதிகாரத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. கண்ணகி மதுரையை எரிக்கும் அழற்படு காதை இரண்டே அடிகளில் தொடங்குகிறது: "ஏவல் தெய்வத்து எரிமுகம் திறந்தது, காவல் தெய்வம் கடைமுகம் அடைத்தன." ஒரு முகம் திறக்கிறது, ஒரு முகம் அடைபடுகிறது. நகரத்தைக் காக்க வேண்டிய தெய்வங்கள் தீயோடு போரிட்டுத் தோற்கவில்லை, களைக்கவும் இல்லை. தம் வாயில்களைச் சாத்திக்கொள்கின்றன. அதே காதையில் நால்வகைப் பூதங்கள் நகரை விட்டு வெளியேறும்போது சொல்லும் நியாயம் இன்னும் கூர்மையானது. அரசன் முறை பிழைத்த நாளில் இந்த நகரைத் தீ உண்ணும் என்பது தங்களுக்கு முன்பே தெரியும் என்றும், அதனால் தாங்கள் போவதுதானே இயல்பு என்றும் அவை கேட்கின்றன. காவலின் அடிப்படை கோமுறை, அதாவது அரசனின் நீதி. அது பிழைத்தால் காவல் அந்தக் கணமே முடிந்தது. இதில் கோபமோ தண்டனையோ இல்லை, ஒரு கணக்கு தீர்ந்த நிதானம் மட்டும் இருக்கிறது. எனக்கு எப்போதும் அச்சம் தருவது அந்த நிதானம்தான்.

அங்கேயே நின்றுவிடாமல் இளங்கோவடிகள் இன்னொன்றும் செய்கிறார். மதுராபதி என்ற நகர்த்தெய்வம் போகாமல் இருக்கிறது. கண்ணகிக்கு முன்னால் வர அஞ்சி, பின்பக்கமாக வந்து நின்று, பாண்டியர் குலத்தின் செங்கோலையும், கோவலனின் முற்பிறப்பில் நடந்த கொலையையும், ஆடி மாதத்துத் தேய்பிறை அட்டமியில் வெள்ளிக்கிழமையன்று மதுரை எரியும் என்று முன்பே ஒரு சொல் இருந்ததையும் எடுத்துச் சொல்கிறது. எல்லாம் தெரிந்த காவல் தெய்வம், ஒன்றும் செய்ய முடியாமல், எரித்தவளிடமே வந்து விளக்கம் சொல்கிறது. எரிந்துகொண்டிருக்கும் ஊரில் எவருக்கும் அந்த விளக்கம் போய்ச் சேர்வதில்லை. உங்கள் நாவலுக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. காவலர் விலகிய காரணம் வாசகருக்குத் தெரியலாம், பகைவருக்குத் தெரியலாம். காக்கப்பட்டவர்களுக்கு மட்டும் தெரியாமல் இருக்கலாம். உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் ஊர்ப் பெரியவர் எல்லாக் காரணத்தையும் ஒரே மூச்சில் பேரனுக்குச் சொல்லிவிடுகிறார். அந்தப் பேச்சை எடுத்துவிடுங்கள்.

இனி, என் கண்ணால் கண்ட ஒன்று. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் முப்பது ஆண்டு கணக்கப்பிள்ளையாக இருந்தவன். தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயனுக்கு மேலே, கற்பூர மரங்களுக்கு அடியில் (தைல மரத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்) மூன்று கற்களும் ஒரு வெட்டரிவாளும்தான் முனியப்பன். ஆண்டுதோறும் அவருக்குப் பூசை. சாமியாடுபவர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் கைதேர்ந்த ஒரு முதியவர். மற்ற நாட்களில் பேசவே மாட்டார். உருமி மேளக்காரர் மற்ற அடிகளையெல்லாம் அடித்து முடித்து, கடைசியாக ஓர் அடிக்கு மாறுவார். குச்சி தோலில் இழுபடும்போது வரும் முனகல் நீண்டு, நடுவில் ஒரு இடைவெளி விட்டு, மறுபடி எழும். அந்த இடைவெளியில்தான் முதியவரின் வலது தோள் முதலில் துள்ளும். பிறகு அவர் அவராக இருக்க மாட்டார். அரிவாள் நுனியில் குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எந்தப் புதரில் சிறுத்தை படுத்திருக்கிறது, எந்த வீட்டுப் பெண் மனம் நொந்திருக்கிறாள் என்றெல்லாம் சொல்வார்.

அவர் ஒரு தை மாதத்தில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு உருமிக்காரரின் குடும்பமும் பனியன் வேலைக்குத் திருப்பூர் போய்விட்டது. பூசை நிற்கக்கூடாது என்று நாங்கள் கீழேயிருந்து பேண்டு செட் வரவழைத்தோம். கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். கிடா துலுக்கினால் சாமி சம்மதம் என்று பொருள். உறைபனி விழுந்த காலை அது. துலுக்கியது. உடனே ஒரு தகராறு: இந்தக் குளிரில் தண்ணீர் பட்டால் எந்த ஆடுதான் நடுங்காது, இது சம்மதமா, சளியா? சிரிப்பதா என்று தெரியாமல் நின்றோம். பேண்டு செட் இரண்டு மணி நேரம் அடித்தது. எவர் தோளும் துள்ளவில்லை. கூட்டம் கலையும்போது கொழுந்து எடுக்கும் ஒரு பாட்டி சொன்னாள்: "சாமி வாசல்ல வந்து நிக்குது தம்பி. உள்ள கூப்பிடத்தான் ஆளில்ல."

அந்த ஒரு வாக்கியத்தில் உங்கள் நாவலுக்குத் தேவையான காரணம் ஒன்று முழுதாக இருக்கிறது. காவலர் காவலை நிறுத்தவில்லை, அவர் நுழைவதற்கான வழி அடைபட்டுவிட்டது. தெய்வத்துக்குக் கை கால் கிடையாது. ஒரு முதியவரின் தோளும், ஒரு தோலின் முனகலும்தான் கையும் காலும். உங்கள் உலகில் தெய்வம் நேரில் உருவெடுத்து வருவதாக வைத்திருக்கிறீர்கள். அதற்கும் ஒரு நுழைவழி இருந்தாக வேண்டும். அந்த வழி மனிதர்களின் பழக்கத்தில் இருந்தது என்றும், அது இன்னதென்று தெரியாமலே அதை அவர்கள் விட்டுவிட்டார்கள் என்றும் வையுங்கள். ஒரு மெட்டு, ஒரு விதை, ஒரு நடைபாதை எதுவாகவும் இருக்கலாம். பிழை பெரியதாக இருக்க வேண்டியதே இல்லை.

இதன் பெரிய வடிவம் நீலகிரியின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1924ஆம் ஆண்டு வாக்கில் இம்மலையின் பழங்குடிகளான கோத்தரின் ஊர்களில் ஒன்றான கொல்லிமலையில் மறுகாய்ச்சல் என்னும் கொள்ளைநோய் புகுந்து பலரைக் கொண்டுபோனது. இறந்தவர்களில் பூசை செய்தவர்களும் தெய்வ வாக்கு சொன்னவர்களும் இருந்தார்கள். பூசாரியை மனிதர்கள் கூடி நியமித்துவிட முடியாது. தெய்வமே வாக்கின் வழியாகக் காட்ட வேண்டும். வாக்கு சொல்பவரோ இல்லை. தெய்வங்கள் அங்கேயே இருந்தும் ஊர் ஊமையாகிவிட்டது. பிறகு ஒருவருக்கு அருள் வந்தபோது பழைய தெய்வங்களின் பெயரில் வரவில்லை, புதிய தெய்வங்களின் பெயரில் வந்தது. அதை ஏற்றவர்களும் ஏற்காதவர்களுமாக ஊர் பிரிந்தது. 1930களின் பிற்பகுதியில் அங்கே தங்கி ஆய்வு செய்த டேவிட் மண்டேல்பாம் என்ற அமெரிக்க மானிடவியலாளர் இதைப் பதிவு செய்திருக்கிறார். காவலர் மௌனமாகும்போது அந்த இடம் காலியாகவே கிடக்காது என்பதைக் கவனியுங்கள். வேறு யாரோ வந்து உட்காருவார்கள். உங்கள் ஏழு முடிகளில் மூன்று தலைமுறையாக எவருமே வந்து உட்காரவில்லை என்பது எனக்கு நம்பும்படியாக இல்லை.

இன்னொரு பழங்குடியான தொதவர்களின் கதை வேறு வகை. 1901, 1902 ஆண்டுகளில் இங்கே தங்கியிருந்து 1906இல் நூல் எழுதிய ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் கேட்டுப் பதிந்தவற்றில் அது வருகிறது. முதலில் இந்த மலைகளில் தெய்வங்கள் மட்டுமே வாழ்ந்தன. பிறகு தெய்வங்களும் மனிதர்களும் சேர்ந்து வாழ்ந்த ஒரு காலம். இப்போது தெய்வங்கள் மலையுச்சிகளில் இருக்கின்றன, ஆனால் மனிதர் கண்ணுக்குப் படுவதில்லை. எருமைகளையும் மனிதர்களையும் படைத்த ஓன் என்ற தெய்வத்துக்கு ஒரு மகன். அவன் நீரில் மூழ்கி இறந்துபோகிறான். மகன் இல்லாத இடத்தில் இருக்க ஓனுக்கு மனமில்லை. எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்டு, மகன் போன இறந்தோர் உலகத்துக்கே போய்விடுகிறான்; இன்றும் அங்கே அவன்தான் தலைவன். அவனுடைய உடன்பிறந்தவளான தேகிர்சி இந்த மலைகளில் தங்கி இங்குள்ளவர்களை ஆள்கிறாள்.

இந்தக் கதையை முதன்முதலாகப் படித்தபோது நான் வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். மனிதர்கள்மீது வெறுப்பு வந்து போன தெய்வமாகவோ, பாடம் கற்பிக்கப் போன தெய்வமாகவோ ஓனைச் சொல்ல முடியாது. அவனுக்கு மகன் செத்துப்போனான், அவ்வளவுதான். காவலருக்கும் ஒரு வீடு உண்டு, அந்த வீட்டிலும் இழவு விழும் என்று வைத்துவிட்டால், உங்கள் "களைத்துவிட்டன" என்ற காரணம் சொல்ல வந்து சொல்லாமல் போனது எல்லாம் இதில் வந்துவிடும். கூடவே கதைக்கு ஒரு விளைவும் கிடைக்கும்: காவலர் மறையவில்லை, இறந்தவர்களின் பக்கம் போய்விட்டார். இங்கே உயிரோடிருப்பவர்களுக்குக் கிடைக்காத காவல் அங்கே இறந்தவர்களுக்குக் கிடைக்கிறது. அப்படியொரு நாட்டில் கிழவர்கள் சாவுக்கு அஞ்ச மாட்டார்கள். பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான் அஞ்சுவார்கள். எழுதிப் பாருங்கள்.

ஒரு வார்த்தை. தொதவரும் கோத்தரும் படகரும் இன்றும் இதே மலையில் நம்மோடு வாழ்பவர்கள். அவர்களுடைய தெய்வங்களுக்கு இன்றும் பூசை நடக்கிறது. பெயர்களையும் சடங்குகளையும் அப்படியே தூக்கி நாவலில் வைக்காதீர்கள். காரணத்தின் அமைப்பைக் கற்றுக்கொள்ளலாம், அதற்கு மேல் கைவைக்கக் கூடாது என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட வரம்பு.

மந்திரவாதி கட்டுப் போட்டுவிட்டான், ஆணி அடித்து மரத்தில் இறக்கிவிட்டான் என்ற காரணமும் நம் ஊர்க் கதைகளில் நிறையவே உண்டு. உங்களுக்கு அது வேண்டாம். ஆணியைப் பிடுங்கியதும் கதை முடிந்துவிடும்.

பிடிமண்ணைப் பற்றி அவசியம் யோசியுங்கள். ஊரை விட்டுப் பெயர்பவர்கள் தம் காவல் தெய்வத்தின் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் போய், போன இடத்தில் வைத்துக் கோயில் எழுப்புவது நம்மிடம் பழைய வழக்கம். தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் மாரியம்மனும் கருப்பரும் முனியப்பனும் மலையில் பிறந்தவர்கள் அல்லர்; கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு ஏறி வந்தவர்களோடு வந்தவர்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் உங்கள் கூடலூர்ப் பக்கத்தில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. ஒரு குடும்பம் இங்கிருந்து கடல் கடந்து, அங்கே சில தலைமுறை வாழ்ந்து, மறுபடி இந்த மலைக்கு வந்தது என்றால், அவர்களுடைய காவல் தெய்வம் எந்த ஊரில் இருக்கிறது? மூன்று ஊரிலும் ஒரு பிடி ஒரு பிடியாக இருக்கிறது. உங்கள் ஏழு பேரில் ஒருவரை இப்படிச் செய்யலாம். அவர் காவலை நிறுத்தவே இல்லை. ஊரை விட்டுப் போனவர்கள் ஆளுக்கொரு பிடி அள்ளிக்கொண்டு போய்விட்டதால் நாற்பது இடங்களில் அவர் சிறிது சிறிதாகக் காவல் காக்கிறார். எந்த ஓர் இடத்திலும் புலியை விரட்டும் அளவுக்கு இல்லை.

எல்லையும் அப்படித்தான். காவலர் சுற்றும் வழி எது என்று உங்கள் வரைபடத்தில் இல்லை. எங்கள் பக்கத்தில் பழைய எல்லைகளைக் கேட்டால், இந்த ஓடை, அந்தச் சோலையின் விளிம்பு, அதற்கப்பால் புல்வெளி என்றுதான் முதியவர்கள் சொல்வார்கள். பிறகு விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் கற்பூர மரமும் கொண்டுவந்து நட்டார்கள். புல்வெளிகளில் பெரும்பகுதி மரக்காடாகவும் தேயிலையாகவும் மாறியது. எருமை மந்தைகள் குறைந்தன. எத்தனையோ ஓடைகள் இன்று மழைநாளில் மட்டும் ஓடை. எல்லை ஓடையே வற்றிப்போனால் அதைச் சுற்றி நடந்த காவலர் என்ன செய்வார்? ஓடை இருந்த இடம் வரை வருவார், ஓசை கேட்காது, இன்னும் எல்லை வரவில்லை என்று எண்ணி நடந்துகொண்டே இருப்பார். அவருடைய சுற்று இப்போது எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரியாது. அல்லது, மந்தை காத்து உயிர்விட்டு நடுகல்லாகி நிற்கும் ஒருவர் காவலர் ஆனார் என்று வையுங்கள். அவர் காக்க ஒப்புக்கொண்டது மாட்டை. மாடே இல்லாத ஊரில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, எதைக் காப்பது என்று தெரியாமல் நிற்கிறார். ஊரார் அவரிடம் வேறு எதையெதையோ கேட்கிறார்கள்.

தவறான காரியத்துக்குக் கூப்பிடுவது பற்றி நற்றிணையில் ஒரு பாட்டு உண்டு, 34ஆம் பாட்டு. மகள் மெலிவது முருகனால் என்று எண்ணித் தாய், வேலன் என்னும் பூசாரியை வைத்து, சாமியாடி நோய் தீர்க்கும் வெறியாட்டு நடத்துகிறாள். மகள் மெலிந்ததோ மலைநாடன்மேல் கொண்ட காதலால். வேலன் அழைத்தான் என்று கடம்பம்பூ மாலை சூடி வந்துவிட்ட முருகனைப் பார்த்துத் தோழி கேட்கிறாள்: இது உன்னால் வந்த நோய் அல்ல என்று தெரிந்தும் வந்தாயே, "கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே!" கடவுளாக இருந்தால் இருந்துவிட்டுப் போ, நீ அறிவில்லாதவன்தான், வாழ்க! ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு குறிஞ்சிப் பெண்ணிடம் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்ட தெய்வம், அடுத்த முறை அழைப்பு வந்தால் கொஞ்சம் யோசித்திருக்காதா என்று எனக்கு வேடிக்கையாகத் தோன்றும். உங்கள் ஏழு பேரில் இளையவரை இப்படி வைத்தால் நாவலில் சிரிப்புக்கும் இடமிருக்கும். எல்லாரும் துயரக் காவலர்களாகவே இருந்தால் படிப்பவருக்கு மூச்சு முட்டும்.

இவ்வளவும் சொன்னதன் நோக்கம், ஏழு பேருக்கும் ஒரே காரணம் வைக்காதீர்கள் என்பதுதான். ஒரே நாளில் ஏழு பேரும் நின்றால் அது சதி. தனித்தனியாக, வெவ்வேறு ஆண்டுகளில், ஒருவர் நின்றது மற்ற ஊருக்குத் தெரியாமலே நின்றால்தான் மூன்று தலைமுறை கழித்து எல்லாமாகச் சேர்ந்து தெரியும். மக்கள் அதை எப்படித் தெரிந்துகொள்வார்கள் என்பதிலும் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள். முதல் அத்தியாயத்திலேயே இடி விழுந்து முடியில் இருந்த விளக்கு அணைகிறது. உண்மையில் எவருக்கும் உடனே தெரியாது. ஒரு கன்று போகும். காவலர் வேறு முடிக்குப் போயிருப்பார் என்பார்கள். மறு ஆண்டு ஒரு பிள்ளை போகும். பூசையில் குறை என்பார்கள். பூசாரி மாறுவார், கிடா இரண்டாகும். வரவில்லை என்று வாய்விட்டுச் சொல்லும் முதல் ஆளை ஊர் அடிக்கும். அந்த முதல் ஆள் யார் என்பதிலிருந்து நாவலைத் தொடங்கினால் என்ன?

திரும்ப வரலாமா என்ற கேள்விக்கு: உடன்பாடு முறிந்ததால் காவலை நிறுத்தியவர் உடன்பாட்டால் வரலாம், அதற்கு ஊர் தரவேண்டிய பழைய பாக்கி எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும், அதைக் கொடுக்க ஒருவர் முன்வர வேண்டும். வழி அடைபட்டதால் நின்றவர் வருவது எளிது. விட்டுப்போன மெட்டைத் தெரிந்த ஒருவர் எங்காவது இருந்தால் போதும். எங்கள் லயனில் அந்த உருமிக்காரரின் பேரனைத் திருப்பூரிலிருந்து ஒரு முறை வரவழைத்தோம். அவனுக்குப் பாதி அடிதான் தெரியும். இடைவெளி வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, மேலே நினைவில்லை என்றான். ஆனாலும் அந்த இடத்தில் கூட்டத்தில் இரண்டு பேருக்கு உடம்பு சிலிர்த்ததை நான் பார்த்தேன். மகனைத் தேடிப் போனவர் மட்டும் வர மாட்டார். அவரை வரவழைக்கும் எந்த முடிவும் எனக்குப் பொய்யாகத்தான் படும். அவருடைய முடி கடைசி வரை காலியாகவே இருக்கட்டும், அல்லது அவருடைய தங்கை அங்கே இருக்கட்டும்.

வரைபடத்தில் ஒரு திருத்தம். ஏழு முடிகளிலும் ஆனி, ஆடியிலேயே பெருமழை பெய்வதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கூடலூர், தேவாலாப் பக்கம் அது சரி. தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டும். கிழக்குச் சரிவில், எங்கள் கோத்தகிரிப் பக்கம், பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். உங்கள் மலைக்கும் மேற்கு, கிழக்கு என்று இரண்டு முகம் இருந்தால் கிழக்கு முடிகளின் காவலருக்குப் பூசை நாள் வேறாக இருக்கும், அவர் வரவில்லை என்பது ஊருக்குத் தெரியும் மாதமும் வேறாக இருக்கும். நான்காம் அத்தியாயத்தில் இரண்டு ஊராரும் ஒரே இரவில் காத்திருப்பதாக வருகிற காட்சியை அதற்கேற்ப மாற்றி எழுதி அனுப்புங்கள்; படித்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.